செல்வி கேட்ட விசாரணை

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையிலிருந்தே டில்லிப் புழுக்கம். மழை வருகிற மாதிரி மிரட்டிவிட்டுப் போய்விட்டது. 9 மணிக்கு முதலாமாண்டு, ‘சட்டம், அறம், நீதி’. அறுபது பேர், ஏசி ரிப்பேர். இன்று இரண்டே விதிகள். ஒன்று, எதிர்த்தரப்பைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரண்டு, தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகக் கூடாது. கடைசி பெஞ்சுவரை எழுதிக்கொண்டார்கள். அந்தத் திருப்தியில் கேன்டீனில் இரண்டு சமோசா.

வாங்க: சிவப்புப் பேனா, கொசுவத்தி, சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஒரு குடை. பழையதற்குக் கம்பி போய்விட்டது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நல்ல மழை. கட்டுரை திருத்தம். தலைப்பு: ‘நான் பார்த்த ஓர் அநீதி’. பாதிக்கு மேல் இன்டர்நெட் சரக்கு.

ரோஹனுடையதும் செல்வியுடையதும் ஒரே இங்கிலீஷ் கட்டுரை, வார்த்தைக்கு வார்த்தை. ஒரு பெரிய அடுக்குமாடியில் வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்குத் தனி லிஃப்ட். அது பழுதானால் ஒன்பது மாடியும் படிதான். பக்கத்திலேயே குடியிருப்போர் லிஃப்ட் காலியாகப் போய்வரும். அருமையான கட்டுரை. ரோஹன் பெரிய பள்ளியில் படித்தவன், மளமளவென்று இங்கிலீஷ். செல்வி மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்தவள், வகுப்பில் இதுவரை வாயே திறந்ததில்லை.

ரோஹனுக்கு இருபதுக்கு 16. செல்விக்கு சைபர், பக்கத்தில் சிவப்பில் ‘காப்பி’. இரண்டு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மார்க்கை கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்று. நம் ஊர்ப் பெண் இப்படிச் செய்துவிட்டதே என்று கொஞ்சம் வெட்கம் வேறு.

ஆகஸ்ட் 20, புதன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதியாக வேண்டும்.

தாள்களைக் கொடுத்தேன். செல்வி எழுந்து நின்றாள். தமிழில்தான் ஆரம்பித்தாள்.

“மேடம், நான் காப்பி அடிக்கல. அது எங்கம்மாவப் பத்தி எழுதுனது.”

“அப்ப ரோஹன் பேப்பர்ல எப்படி வந்துச்சு?”

“டைப் பண்ண அவன் லேப்டாப்பதான் வாங்கினேன். ஃபைலு அதுலயே இருந்துச்சு.”

“இத ஏன் முன்னாடியே சொல்லல?”

“நீங்க கேக்கவே இல்லையே மேடம்.”

பிறகு வகுப்பைப் பார்த்துத் திரும்பி, திக்கித் திணறி இங்கிலீஷில், திங்கட்கிழமை நான் நடத்திய முதல் விதியைச் சொன்னாள். தனக்கு விசாரணை வேண்டும் என்றாள். உட்காரவில்லை.

ரோஹன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

சரி, நாளை இங்கேயே விசாரிக்கிறேன் என்றேன். முன்வரிசை மெஹக் கையைத் தூக்கினாள். “மேம், நீங்கள் விசாரிக்க முடியாது. சைபர் போட்டதே நீங்கள்தானே. இரண்டாவது விதி.”

காது சுட்டது. அப்படியானால் நீயே தலைமை ஏற்றுக்கொள் என்றேன்.

பஸ்ஸில் லோதி ரோடு வரை நின்றுகொண்டே வந்தேன். சீட் இருந்ததாம், பக்கத்தில் இருந்த அம்மாள் இறங்கும்போது சொன்னார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

என் மேசையில் மெஹக். நான் ஓரமாக மாணவர் நாற்காலியில். யாரும் சிரிக்கவில்லை, அதுவே ஆச்சரியம்.

செல்வி ஒரு நோட்டை எடுத்தாள். கட்டுரையின் முதல் பிரதி. பென்சிலில், அடித்தல் திருத்தலுடன், முழுக்கத் தமிழில். கௌதம் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். நொய்டாவில் வளர்ந்த தமிழ்ப் பையன், பேசுவான், படிக்க வராது. நான் படிக்கட்டுமா என்றேன். “மேம், நீங்கள் ஒரு தரப்பு” என்றாள் மெஹக்.

நூலகத்து சுந்தரம் சாரைக் கூட்டிவந்தார்கள். தஞ்சாவூர்க்காரர், டில்லிக்கு வந்து முப்பது வருஷம். வரிவரியாகப் படித்து இந்தியில் சொன்னார். ‘அம்மா ஏழாவது மாடிப் படியில் உட்கார்ந்து முட்டியை அமுக்கிக்கொள்ளும்’ என்ற இடத்தில் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

மெஹக் ரோஹனிடம் கேட்டாள்: “உன் தாளிலும் இந்த வரி இருக்கிறது. ஏன் ஏழாவது மாடி?”

ரோஹன் தன் தாளைப் புரட்டித் தேடினான்.

செல்வியிடம் அதே கேள்வி. “அந்த மாடியிலதான் வீடு பூட்டிக் கெடக்கு. எந்திரின்னு சொல்ல ஆள் இல்ல.” சுந்தரம் சார் இதையும் இந்தியில் சொன்னார்.

ரோஹன் எழுந்தான். கட்டுரை அவளுடையதுதான், எனக்கு எழுத நேரமில்லை, அதனால் எடுத்துக்கொண்டேன் என்றான். பிறகு சொன்னான்: “எங்கள் பில்டிங்கிலும் அப்படி ஒரு லிஃப்ட் இருக்கிறது. நான் கவனித்ததே இல்லை.”

மெஹக்கின் தீர்ப்பு: சைபர் செல்லாது. ரோஹன் சொந்தமாக எழுத வேண்டும். மேம் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

தெரிவித்தேன், இங்கிலீஷில் வகுப்புக்கு, தமிழில் செல்விக்கு. யார் இங்கிலீஷ் நன்றாகப் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டேன், அதுதான் நடந்தது என்று சொன்னேன். அறுபது பேரும் கை தட்டிய தட்டில் அடுத்த வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

பன்னிரண்டு வருஷமாக இந்தப் பாடம் நடத்துகிறேன். இன்றுதான் நடந்தது. தோற்றுப்போனதில் இவ்வளவு சந்தோஷம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வெயில். துணி காய்ந்தது.

துறைத் தலைவர்: ஏற்றிய மார்க்கை மாற்ற முடியாது, சிஸ்டம் ஒத்துக்கொள்ளாது. தவறு என்னுடையது என்று கடிதம் எழுதிக் கொடுத்தேன். வகுப்பு தானாகவே ஒரு மனு தயாரித்திருந்தது, அறுபது கையெழுத்து, அதில் ரோஹனும். மாலை நாலு மணிக்கு சிஸ்டம் ஒத்துக்கொண்டது. நோட்டீஸ் போர்டில் புதுச் சுற்றறிக்கையும்: இனி மாணவரைக் கேட்காமல் யாருக்கும் சைபர் கிடையாது. எல்லா வருடங்களுக்கும்.

அந்தக் கட்டுரையை முதலிலிருந்து திருத்தினேன். செல்விக்கு 17, வகுப்பிலேயே அதிகம்.

வராந்தாவில் அவள் போனில்: “ம்மா, ஜெயிச்சிட்டேன். இல்லம்மா, சண்டல்லாம் போடல. பேசித்தான்... ஆமா, உன்னப் பத்திதான். எல்லார் முன்னாடியும் படிச்சாங்க.”

ஆகஸ்ட் 23, சனி

அரைநாள். மூட்டைகட்டிக் கிளம்பும்போது அறை வாசலில் செல்வி, கையில் கட்டுரை.

“மேடம், மீதி மூணு மார்க் எதுக்குக் கொறச்சீங்க?”

இலக்கணப் பிழைகள், அப்புறம் முடிவுரை சரியில்லை என்றேன்.

“சரி மேடம். அத எழுத்துல குடுங்க. திங்கக்கெழம பேசலாம்.”

வணக்கம் சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்து போனாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். முதல் காரணம் பரவாயில்லை. இரண்டாவது விசாரணையில் நிற்காது.