நடுக் குமிழ் இல்லாத அடுப்பு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் இடது கட்டைவிரலைத் தவிர எல்லோரும் சுகம். நீ அங்கே கட்டைவிரல் உட்பட முழுச் சுகத்தோடு இருக்க வேண்டும். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் பேசினால் உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு வரிக்கு வரி திருத்துவார், கடைசியில் நடந்தது ஒன்றாகவும் உன் காதில் விழுந்தது வேறாகவும் இருக்கும். அதனால் அவர் மத்தியானம் கண்ணயர்ந்த நேரம் பார்த்து எழுத உட்கார்ந்தேன்.

போன தடவை நீ இரண்டு வீட்டுக்கும் போன் போட்டு, அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்ளாதவரை இந்தப் பக்கமே வரமாட்டேன், இந்த வீட்டில் சாப்பிட்டதற்கு அந்த வீட்டில் சமாதானம் சொல்ல எனக்குத் தெம்பில்லை என்று சொல்லிவிட்டு வைத்தாய். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இந்த இரண்டு பேரையும் நம்பினால் உன்னை இனிமேல் போட்டோவில்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். உன்னை வழியனுப்பிய விருந்தில், பெரியப்பா வீட்டில் கறி சுடும் கேஸ் கிரில் அடுப்பு முன்னால் நின்றுகொண்டு இடுக்கியை யார் பிடிப்பது என்று இரண்டு பேரும் இழுத்ததும், அண்ணன் கை பட்டால் கறி கரியாகிவிடும் என்று உன் அப்பா வந்தவர்கள் முன்னால் சொன்னதும், பெரியப்பா இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் உனக்குத் தெரியும். மூன்று வருடமாக இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கும் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு மௌனம், அந்தப் பக்கம் ஒரு மௌனம், நடுவில் தபால்காரியாக நான்.

நீ போன் பண்ணிய அடுத்த வாரம் பெரியப்பா அந்தக் கிரிலைத் தெருவில் தள்ளிவிட்டார். குப்பை வண்டி நிற்பது எதிர்ப் பக்கம், அவர் தள்ளியதோ நம் கேட்டை ஒட்டி. எனக்கு அப்போதே மூக்கு வியர்த்தது. உன் அப்பா நடந்துவிட்டு வந்தவர் அதை மூன்று தடவை சுற்றி வந்தார். இதைக் காசு செலவில்லாமல் சரிபண்ணி, என் பிள்ளை வரும்போது நான் ஒருத்தனாகவே நின்று சுட்டுப் போடுகிறேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டு உள்ளே இழுத்து வந்தார். திறந்தால் உள்ளே துருவும் பழைய கொழுப்பும் ஒன்றோடொன்று சம்பந்தம் பண்ணிக்கொண்டு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. கேஸைத் திருகித் திறக்க முன்னால் இருக்க வேண்டிய மூன்று குமிழ்களில் நடுவில் இருப்பதைக் காணோம்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லையப்பா. கம்பித் தட்டுகளை வினிகரில் ஊறவைக்கிறேன் என்று துணி ஊறவைக்கும் தொட்டியை எடுத்துக்கொண்டார், ஒரு வாரம் என் புடவையெல்லாம் வினிகர் வாசனை. பழைய டூத் பிரஷ் கேட்டார், எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன், அவர் எடுத்தது நான் அன்று காலை பல் தேய்த்தது. உப்புத்தாளால் துருவைத் தேய்த்துத் தேய்த்துத்தான் கட்டைவிரலின் தோல் போயிற்று. சூடு தாங்கும் கறுப்புப் பெயிண்ட் பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் மிச்சம் இருந்ததை வாங்கி வந்தார், அடுப்புக்கு அடித்தது போக மீதியை வீணாக்கக் கூடாதென்று தண்ணீர் வாளி, தபால் பெட்டி, என் பூந்தொட்டி எல்லாவற்றுக்கும் அடித்துவிட்டார். இப்போது நம் வாசல் ஏதோ தீ விபத்து நடந்த இடம் மாதிரி இருக்கிறது.

இதையெல்லாம் பெரியப்பா செடிக்குத் தண்ணீர் விடுகிற சாக்கில் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் விட்ட தண்ணீரில் இரண்டு செடி அழுகிப்போயிற்று. உன் அப்பா கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்க, என்னைக் கூப்பிட்டு, "அவன்கிட்ட சொல்லும்மா, வெடிச்சுப்போன ரப்பர் டியூப்புக்கு டேப் சுத்தினா ஊரே எரியும்" என்றார். உடனே இவர், "அவர்கிட்ட சொல்லு, சோப்புத் தண்ணி தடவிப் பார்த்துட்டுத்தான் போடுவேன்" என்றார். நான் இந்தப் பக்கம் திரும்பி ஒரு தடவை, அந்தப் பக்கம் திரும்பி ஒரு தடவை, இரண்டு பேரும் ஏற்கெனவே கேட்டுவிட்டதை மறுபடி சொன்னேன். சோப்புத் தண்ணீர் தடவினால் டியூப் முழுக்கக் குமிழி குமிழியாக வந்தது. புது டியூபும் ரெகுலேட்டரும் வாங்காவிட்டால் நானே இதைக் குப்பையில் போடுவேன் என்று கத்தினேன், முணுமுணுத்துக்கொண்டே போய் வாங்கி வந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை பற்றவைத்துப் பார்க்க நாள் குறித்தார். நடுக் குமிழ் இல்லாததால் அதன் தண்டைக் குறடால் பிடித்துத் திருகினார், கேஸ் வந்தது. தட்டினால் பற்றவேண்டிய பொறி பற்றவில்லை. உடனே தீப்பெட்டியைத் தேடி ஒவ்வொரு பையாகத் துழாவினார். கிரிலின் மூடி மூடியபடியே இருந்தது, உள்ளே கேஸ் நிறைந்துகொண்டிருந்தது. எனக்கு அது உறைக்கவேயில்லை. தீக்குச்சியை உரசக் கையை ஓங்கும்போது சுவருக்கு அப்பாலிருந்து, "டேய்! மூடியத் திறடா! மூஞ்சி வெந்துடும்டா!" என்று ஒரு அலறல். அப்பா பயத்தில் தீப்பெட்டியையே கீழே போட்டுவிட்டு மூடியைத் திறந்தார். திறந்துவிட்டு, "திறக்கத்தான் போனேன், அண்ணா" என்றார். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த வார்த்தையைக் கேட்டேன்.

பெரியப்பா கையில் தண்ணீர்க் குழாயோடு அப்படியே கேட்டைச் சுற்றி வந்து சிலிண்டரை மூடினார். கேஸ் கலையட்டும், கொஞ்ச நேரம் சும்மா நில்லு என்றார். வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பிறகு பெரியப்பா, "குறடால திருகுறான் பாரு" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து நடுக் குமிழை எடுத்துச் செருகினார். அப்பா குறடைக் கீழே வைத்தார். ஒரு பர்னர் மட்டும் எரியவில்லை, கழற்றிப் பார்த்தால் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தது. இவர் பிடிக்க அவர் கம்பியால் குத்தி எடுத்தார். அதன் பிறகு மூன்றும் நீலமாக எரிந்தன.

சாயங்காலம் பெரியம்மா என்னிடம் வந்து சொன்னாள். அடுப்பைத் தெருவில் தள்ளிய அன்றைக்கே குமிழைக் கழற்றி வைத்துக்கொண்டாராம், தம்பி வந்து கேட்பான் என்று. தினமும் குளித்துவிட்டுச் சட்டை மாற்றும்போது மறக்காமல் அதையும் புதுச் சட்டைப் பைக்கு மாற்றுவாராம். கேட்டதும் நான் அங்கேயே அழுதுவிட்டேன். உன் அப்பா செத்தாலும் கேட்டிருக்க மாட்டார், அது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். இப்போது என்னடாவென்றால் காலையில் ஆரம்பித்தால் இரவு வரை இரண்டு பேரும் ஓயாமல் சண்டை, தீ அதிகமா குறைவா, மக்காச்சோளத்தை எப்போது புரட்டுவது என்று. நேருக்கு நேர் போடுகிறார்கள், நான் நடுவில் வேண்டியதில்லை. காதைப் பொத்திக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறேன்.

ஆகையால் நீ சாக்குச் சொல்லாமல் டிக்கெட் போடு. வரும்போது வேறு எதை மறந்தாலும் குளிருக்குப் போட்ட அந்தக் கிழிந்த ஸ்வெட்டரை மறக்காமல் எடுத்து வா, தைத்துத் தருகிறேன். இடுக்கி வாங்கி வராதே, ஒரே அளவில் இரண்டு வாங்கி ஒளித்து வைத்திருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ நீடூழி நன்றாக இருக்க வேண்டும், அதை நான் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

உன் வழி பார்த்திருக்கும்,
அம்மா

பி.கு. அம்மா உறை எடுக்க உள்ளே போயிருக்கிறாள். மூடி பாதி திறந்துதான் இருந்தது. அப்பா.

முழுசா மூடியிருந்தது. சீக்கிரம் வா. பெரியப்பா.