மஞ்சள் கருவும் அண்ணன் ரத்தமும்

ரிங்லெட், மலேசியா
18.2.1984

அன்புத் தம்பி ஆண்டியப்பனுக்கு,

அக்கா ரஞ்சிதம் ஆசையோடு எழுதுவது. லண்டன் போய்ச் சேர்ந்தாய் என்று தெரிந்து நிம்மதி. பொங்கலுக்கு வந்தவன் எங்கள் எல்லார் கையிலும் ஊசி குத்தி, உன் ஆராய்ச்சிக்கு என்று ஐஸ் பெட்டியில் ரத்தத்தை அடைத்துக்கொண்டு போனாய். "கொளுந்தனாரு கொசுவாட்டம் வந்துட்டுப் போச்சு லா" என்று பாஞ்சாலை அண்ணி இன்னும் சிரிக்கிறாள்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அப்பா முப்பத்தெட்டு வயதில் கவ்வாத்துக் கத்தியோடு தேயிலைச் செடி மேலேயே சரிந்தார். அவர் விரல் முட்டியில் இருந்த மஞ்சள் கட்டி இப்போது பழனியப்பன் அண்ணனுக்கும் இருக்கிறது. இலை லோரியில் மூட்டை ஏற்றும்போது நெஞ்சைப் பிடிக்கிறதாம். ரத்தத்தில் என்ன தெரிந்தது என்று உடனே எழுது.

உன் அக்கா,
ரஞ்சிதம்


லண்டன்
5.5.1984

அன்புள்ள அக்கா,

நலம். சோதனை முடிய நாளாகும், கவலைப்படாதே.

எண்ணெய் தண்ணீரில் கரையாது அல்லவா? கொழுப்பும் ரத்தத்தில் தானாகப் போகாது. அதைச் சுமக்க ஒரு புரதம் வேண்டும். கோழிக்கும் அப்படி ஒன்று உண்டு. அது கல்லீரலிலிருந்து கொழுப்பைச் சுமந்து முட்டையின் மஞ்சள் கருவில் சேர்க்கிறது. தவளைக்கும் உண்டு, மண்புழுவை விடச் சிறிய புழுவுக்கும் உண்டு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏதோ ஒரு சிற்றுயிரிடமிருந்தே இவையெல்லாம் பிரிந்து வந்திருக்கும் என்பது என் எண்ணம். நம் வீட்டு ரத்தத்தில் அந்தப் புரதம் எங்கோ பிழையாக இருக்கிறது. அந்த இடம் தெரிந்தால் என் ஆராய்ச்சி நிலைத்துவிடும்.

அடுத்த ஆண்டும் ரத்தம் வேண்டும். அதுவரை அண்ணன் சாப்பாட்டை மாற்ற வேண்டாம், மருந்து எதுவும் தொட வேண்டாம் என்று சொல்.

அன்புத் தம்பி,
ஆண்டியப்பன்


ரிங்லெட்
9.11.1985

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய ஆள் ஈப்போவிலிருந்து வந்து மறுபடி ரத்தம் எடுத்துப் போனார். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வேலை அதிகம் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணனுக்கு இப்போது மேடு ஏறினாலே வலி. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன். கேட்கவில்லை. "தம்பிதான் மருந்து வேணாம்னு சொல்லியிருக்கே. அது ஒண்ணும் எழுதலன்னா ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்?" என்கிறார். உன்னைப் படிக்க வைக்கப் பதினாலு வயதில் மூட்டை தூக்கப் போனவர். உன் பேச்சுதான் அவருக்கு வேதம். இரண்டு வரியாவது எழுது, தம்பி.

ரஞ்சிதம் அக்கா


லண்டன்
20.6.1987

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. நல்ல செய்தி! கோழி முட்டையின் புரதமும் மனித ரத்தத்தின் புரதமும் ஒரே மூதாதையின் வாரிசுகள் என்று என் கட்டுரை வெளிவந்துவிட்டது. நம் குடும்பத்தின் ரத்தம் பெரிய உதவி. ஒரு பிரதி இணைத்திருக்கிறேன், அண்ணனிடம் காட்டு. அதை ஒரு மாநாட்டில் வாசிக்க நாளை அமெரிக்கா போகிறேன், இரண்டு மாதம் அங்கேதான்.

அண்ணன் மகள் அம்சவல்லிக்குப் பன்னிரண்டு ஆகியிருக்குமே? அவள் ரத்தமும் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

ஆண்டியப்பன்


ரிங்லெட்
3.9.1987

ஆண்டியப்பனுக்கு,

உன் கடிதம் வந்த அன்று அண்ணனுக்குப் பதினாறாம் நாள் காரியம். லோரிக்கும் மூட்டைக்கும் நடுவில் விழுந்தார். தூக்குவதற்குள் போய்விட்டார். தந்தி கொடுத்தோம், நீ ஊரில் இல்லை.

தோட்டத்துப் பள்ளி டீச்சர் சீதாவிடம் உன் கட்டுரையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். மூன்றாம் எண், ஆண், முப்பத்தாறு வயது, அளந்தது 1984 மார்ச். அது அண்ணன்தான். பக்கத்தில் போட்டிருந்த கொழுப்பின் அளவைப் பார்த்ததும் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா, இதுக்கு மருந்து இருக்குன்னு இதுலயே போட்டிருக்கு. மருந்து படாத ரத்தம்னுதான் இதை எடுத்திருக்காங்க" என்றாள்.

மார்ச் மாதமே உனக்குத் தெரியும். மே மாதம் எனக்குக் கோழிக் கதை எழுதினாய். நானும் அதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பெருமையாக லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அம்சவல்லியை ஈப்போவில் டாக்டரிடம் காட்டினோம். அவளுக்கும் அதே கொழுப்புக் கோளாறு இருக்கிறது. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மாவு மருந்து கொடுத்திருக்கிறார். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறாள். அவள் ரத்தம் இனி உனக்கு உதவாது.

இந்த வீட்டுக்கு இனி எழுதாதே. கடிதம் வந்தால் வாசிக்கச் சொல்லி அண்ணி கேட்பாள். அந்த மார்ச் மாதத்தை இன்னும் நான் அவளிடம் சொல்லவில்லை.

ரஞ்சிதம்