மழை நிறுத்திய காட்சி

சேசு மரி சூசை துணை

வத்தலக்குண்டு முகாம்
12-10-1958

அன்புள்ள செபஸ்தியம்மாளுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? முந்தாநாள் மழையால் நாடகம் பாதியில் நின்றது. நான் நனையவில்லை, கவலைப்படாதே.

விட்ட இடத்திலிருந்தே நேற்றுப் போட வேண்டும் என்று சனங்கள் பிடிவாதம் செய்தார்கள். பிசகினால் கம்பெனி மூட்டை கட்ட வேண்டியதுதான். யார் எங்கே நின்றார்கள் என்பது நடிகர்களுக்கே நினைவில்லை. மேடை நிர்வாகியான நான் காட்சிதோறும் அதைக் குறித்து வைப்பது அவர்களுக்குக் கேலி. அந்தத் தாளை எடுத்தேன். நானே தவறாக எழுதியிருப்பேனோ என்று இரண்டு முறை படித்தேன்.

"வாத்தியாரய்யா, நான் சிம்மாசனத்துலதானே இருந்தேன்!" என்றார் ராஜா வேடம் போடும் வேலுசாமி.

"இல்லை, தூணருகில். வாள் இடக்கையில்."

முனகிக்கொண்டே போய் நின்றார். திரை விலகியதும் முன்வரிசையில் ஒரு அம்மாள் கூவினாள்: "அடியே, அப்படியே நிக்கிறாரு பாரு! நேத்தும் இதே தூணு, இதே கைதான்!"

கொட்டகை முழுவதும் கைதட்டியது. அது எனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தபோது திருத்திய பழைய தேர்வுத் தாள்கள் பரணில் உள்ளன, அனுப்பு; பின்பக்கம் காட்சிக் குறிப்பு எழுத உதவும். ஒன்றில் மட்டும் வீட்டுச் செய்தி எழுது. அதை நாடகத்துக்குக் கொடுக்க மாட்டேன். இன்றைய ஆட்டத்துக்கு மணி அடித்துவிட்டார்கள்.

உன்
அந்தோணிமுத்து