டக் வைத்த பாவாடை

என்னங்க,

இந்த ஊரில் நல்ல பருத்தித் துணி கிடைக்கும் கடையை ஒருவழியாகக் கண்டுபிடித்துவிட்டேன். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால், சின்னக் கடை. மற்ற இடங்களில் எல்லாம் பளபளக்கும் பாலியஸ்டர்தான். இங்கே துணியைக் கசக்கிப் பார்க்க விடுகிறார்கள்.

“மோளுக்கு எத்தன வயசு அக்கா?” என்றார் கடைக்காரர்.

“ஏழு” என்றேன். அதிலேயே நின்றுவிட்டது என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

“வளர்ற பிள்ளையல்லே? உள்ள டக் மடிச்சுத் தைங்கோ, வளர வளரப் பிரிச்சு விடலாம்” என்று துணியைக் கூட்டியே வெட்டினார். நான் மறுக்கவில்லை.

கோபப்படாதீர்கள். தையல் மிஷினை விற்றுவிடச் சொல்லிவிட்டு நீங்கள் துபாய்க்குப் போய்விட்டீர்கள். கல்லாற்றிலிருந்து அவள் செருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு நாம் திரும்பிய பிறகு, இந்த வீட்டில் வேறு சத்தமே இல்லை.

தைத்த பாவாடையை அவள் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பைவிட்டு இறங்கவில்லை. ஓணத்துக்குத் திறந்தபோது டக் பிரிந்திருந்தது. பிரித்த நூலை, அவள் எப்போதும் செய்வதுபோல, தீக்குச்சியில் சுற்றி வைத்திருந்தது. பாவாடையின் விளிம்பு ஈரமாக இருந்தது, மணலும் ஒட்டியிருந்தது.

லீவுக்கு வரும்போது செருப்பு வாங்கி வாருங்கள். பழைய அளவு வேண்டாம்.

இப்படிக்கு,
அவள் அம்மா