நான்கு பக்கங்களில் ஒரு தேவாலயம்

டப்ளின், கலிபோர்னியா
17.11.1996

தர்சனாவின் அப்பாவுக்கு,

மாதாவின் துணையால் நானும் பிள்ளையும் இருக்கிறோம். நீங்கள் சுகம் என்று உங்கள் கடிதத்தில் அறிந்தேன்.

நான்கு பக்கமும் படித்தேன். எண்ணூறு வருடத்துக்கு முன் ஸ்பெயினில் சிஸ்டர்சியன் துறவிகள் அந்தக் கோவிலைக் கட்டியது, அரசாங்கம் அவர்களைத் துரத்தியபின் அதில் ஆடுமாடு அடைத்தது, இங்குள்ள ஒரு கோடீஸ்வரர் அதை வாங்கிக் கல் கல்லாகக் கழற்றிக் கப்பலேற்றியது, பிறகு மனம் மாறியது, சான் பிரான்சிஸ்கோப் பூங்காவில் பெட்டிகள் தீப்பற்றிக் கற்களின் இலக்கங்கள் அழிந்தது, எல்லாம் விளங்கியது. யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தவர், வடிவாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். நிரோஜன் என்ற பெயர் மட்டும் எங்கும் இல்லை.

போன மாதம் மகனுடைய முதலாம் ஆண்டு நினைவுப் பூசை. திகதியை இரண்டு முறை போனில் சொன்னேன். தம்பிராஜா எங்கே என்று பங்குச் சுவாமி உங்களைக் கேட்டார். காஸ் ஸ்டேஷனில் லீவு இல்லை என்று கோவிலுக்குள் நின்று பொய் சொன்னேன். நீங்கள் அந்த வேலையை விட்டு, அந்தக் கற்கள் வந்து சேர்ந்த வடக்கேயுள்ள துறவி மடத்தில் கல் பொருத்தப் போய் ஏழு மாதம்.

போன சனிக்கிழமை தர்சனா என்னை அங்கே கூட்டிவந்தாள். உங்களுக்குத் தெரியாது. கொட்டகை வாசலில் முழங்காலில் நின்று இரண்டு கற்களைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பொருந்தியதும், பக்கத்தில் நின்ற துறவியைப் பார்த்துச் சிரித்தீர்கள். மகன்மேல் ஷெல் விழுந்த செய்தி வந்த நாளிலிருந்து நான் காணாத சிரிப்பு. போய்க் கதையுங்கோ அம்மா என்றாள் பிள்ளை. நான் காரைவிட்டு இறங்கவில்லை. மூன்று மணித்தியாலம் ஃப்ரீவேயில் ஓடித் திரும்பினோம். வீடு வந்தபிறகு, “ஹி கேன் லாஃப் தேர், அம்மா. லெட் ஹிம்” என்றாள். அப்பாவுக்கு அங்கே சிரிக்க முடிகிறதே, அவளுக்கு அது போதுமாயிருக்கலாம்.

எனக்குப் போதாது. சோதனை எழுதிவிட்டு வரட்டும், ஆறு மாதந்தானே என்று நாங்கள் இங்கே புறப்பட்டபோது அவனை யாழ்ப்பாணத்தில் உங்கள் தமக்கை வீட்டில் விட்டது நீங்கள். அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருடம் மனதுக்குள் உங்களைச் சபித்தேன். ஆனால் அன்று நாங்கள் பஸ் ஏறும்போது, “நானும் வாறன் அம்மா” என்று அவன் என் காதில் சொன்னான். அப்பா சொல்வதைக் கேள் என்று, பிடித்த கையை விடுவித்தது நான். இதை இன்றுவரை உங்களிடம் சொன்னதில்லை.

டிசம்பர் எட்டாம் திகதி அவனுக்குப் பத்தொன்பது வயது. அன்றைக்கு வாருங்கள். என்னை ஏசுவதென்றால் ஏசுங்கள். அவன் பெயரைச் சொல்லி ஏசுங்கள்.

குளிரில் உங்கள் கைகள் வெடிக்கும். மாதா காக்கட்டும்.

பத்மராணி