அடிபட்ட சாமான்கள்

சென்னை,
12-3-1971

அன்புள்ள வள்ளிக்கண்ணுவுக்கு, உன் அத்தான் சேவுகன் எழுதுவது. நான் சுகம். நீயும் உன் அண்ணன் தங்கச்சாமி வீட்டில் சுகமாகவே இருப்பாய்.

விளம்பரக் கம்பெனி வேலையை விட்டுவிட்டேன். புதுவயல் மில்காரர்களின் அரிசி மூட்டைக்கு முத்திரை வரைந்து தொடங்கியவன், சோப்பு உறை, காலண்டர், தைல டப்பா என்று தலை நரைக்கும் வரை வரைந்தாயிற்று. போன வாரம் நான் வரைந்த எழுத்தின் மேல் மானேஜர் சிவப்புப் பென்சிலால் கிறுக்கினான். கொதிக்கிற பசைச் சட்டியை அவன் மேஜையில் கவிழ்த்தேன். அவனுக்குக் கை வெந்துபோனது. என் கோபம் உனக்குத் தெரியாததா?

இனி வரையப்போவதில்லை. பழைய, உடைந்த சாமான்களைப் பலகையில் அறைந்து சேர்ப்பதும் ஒரு கலைதான். வெளிநாட்டில் அதற்குப் பெரிய பெயர். வலையபட்டிப் பெரிய வீடுகளில் கழித்துப் போட்டதோ, உன்னிடம் கிடப்பதோ, எதுவானாலும் தங்கச்சாமி ஓட்டும் மில் லாரியில் ஏற்றிவிடு. கூடவே நீயும் ஏறி வந்துவிடேன். இரண்டு அடி அடித்ததற்காக எந்தப் பெண்ணாவது இரண்டு வருஷம் அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருப்பாளா? தனியாகப் பொங்கித் தின்ன முடியவில்லை.

அன்புடன்,
சேவுகன்

புதுவயல்,
2-4-1971

அன்புள்ள அத்தானுக்கு வள்ளிக்கண்ணு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடவும்.

மானேஜரைப் பற்றிப் படித்தேன். அந்த மனுஷனுக்குப் புண் ஆறிவிட்டதா என்று ஒரு வரி எழுதக் கூடாதா?

நீங்கள் கேட்டபடி ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். எல்லாம் காரைக்குடியில் நாம் குடியிருந்த வீட்டுச் சாமான்கள். "அந்த ஆளுக்கு எதுக்கு ஆத்தா இதெல்லாம்? நேர்ல போயி ரெண்டு காலையும் ஒடிச்சுட்டு வாரேன்" என்று அண்ணன் குதித்தார். நான்தான் அடக்கினேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, அது எப்படி உடைந்தது என்று உங்கள் கையால் எழுதுங்கள். எழுதினால் அடுத்த லாரியில் வந்துவிடுவேன். பழையதைப் பேசிச் சண்டை போட மாட்டேன். எனக்கும் இப்படி இருக்கப் பிடிக்கவில்லை, அத்தான்.

தங்கள்,
வள்ளிக்கண்ணு

சென்னை,
20-8-1971

அன்புள்ள வள்ளிக்கண்ணுவுக்கு,

நீ கெட்டிக்காரி! பல் போன மரச்சீப்பு, வயிறு நசுங்கிய செம்பு, பிளந்த கண்ணாடிச் சட்டம், நடைவண்டியின் ஒற்றைச் சக்கரம்! நம் வீட்டில் இவ்வளவு பழசு ஏது? வலையபட்டியில் யாரோ ஓர் ஆச்சி வீட்டில் வாங்கிவிட்டு என்னிடம் கதை விடுகிறாய். நான் கோடு போடும் டீ-ஸ்கேலில் ஒடிந்த பாதியையும் வைத்திருக்கிறாயே, என் தொழில் மேல் உனக்கு அவ்வளவு மரியாதையா?

எல்லாவற்றையும் ஒரு கதவில் அறைந்து, நடுவில் சக்கரத்தை வைத்தேன். கண்காட்சியில் முதல் பரிசு! ஓர் அம்மாள், "யாரு இதையெல்லாம் இப்படி அடிச்சது?" என்று கேட்டார். "காலம் அடிச்ச அடிம்மா" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். நீ கேட்டதற்கும் அதுதான் பதில்.

மாதக் கடைசி வரை மண்டபத்தில் இருக்கும். வந்து பார். வராவிட்டால் நானே வந்து முடியைப் பிடித்து இழுத்துவருவேன்.

சேவுகன்

சென்னை,
29-8-1971

சேவுகன் அவர்களுக்கு,

மண்டபத்துக்கு எதிரே, அண்ணன் லாரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். காவல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவேன்.

சீப்பு என் தலையில் இருக்கும்போதே முடியைப் பிடித்துச் சுவரில் மோதினீர்கள். செம்பை வீசியபோது எனக்கும் ஒரு பல் போனது. கண்ணாடிக்குள் என் முகத்தைத் திணித்தது நினைவில்லையா? டீ-ஸ்கேல் ஒடிந்தது என் முதுகில். நடைவண்டி, பிறக்கப்போகும் பேரனுக்கென்று எங்கள் அப்பா இழைத்துக் கொடுத்தது. எனக்கு ஏழாம் மாதம். முதலில் அதை மிதித்தீர்கள், பிறகு என்னை. பிள்ளை இறந்தே பிறந்தது. அன்றைக்கு நீங்கள் அழுதீர்கள். அந்த அழுகையை நம்பித்தான் பெட்டியை அனுப்பினேன். நீங்கள் காலத்தின் மேல் பழியைப் போட்டுப் பரிசு வாங்கிவிட்டீர்கள்.

உள்ளே போய்ப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. லாரி டயர் கழற்றும் கம்பியை எடுத்துவந்து கதவு பிளக்கும்வரை அடித்தேன். காவல்காரர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"யாரும்மா நீ? பரிசு வாங்கினதை இப்படி ஒடைக்கிறியே!"

"என் வீட்டுச் சாமான்யா. இத்தனை நாளு எம் புருசன் ஒடைச்சாரு. இன்னைக்கு நான் ஒடைக்கிறேன்."

அவர் என் முகத்துத் தழும்பைப் பார்த்தார். கையை விட்டுவிட்டார்.

அண்ணன் அரிவாளை எடுத்துக்கொண்டு உங்களைத் தேடிக் கிளம்பினார். வேண்டாம் என்று நிறுத்தினேன். என் முடியைப் பிடித்து இழுக்கப் புதுவயல் வந்தீர்களானால் நிறுத்த மாட்டேன்.

சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் தரையில் சிதறிக் கிடக்கிறது. வந்து கூட்டி அள்ளிக்கொள்ளுங்கள். இத்தனை வருஷம் நான்தான் அள்ளினேன்.

வள்ளிக்கண்ணு