அப்பா வழியாகவும் வரும்

ஒரகடத்துக்குப் போகும் கம்பெனி பஸ் வர இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. நைட் ஷிப்ட் முடிந்து வரப்போகும் கணவன் டென்னிசுக்கு, சகாயமேரி நின்றபடியே சீட்டு எழுதினாள். நேற்றைய சண்டைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

"என்னங்க, இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. சாப்ட்டுத் தூங்கிடாதீங்க, பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரில டெஸ்ட்டுக்குப் பேர் குடுத்து வெச்சிருக்கேன். கெளம்பும்போது சாவிய பக்கத்து வூட்ல குடுத்துடுங்க.

நேத்து கத்துனது தப்புதான். ஆனா உங்கம்மா மார்புல கேன்சர் வந்துதான் போனாங்க. இப்ப உங்க அக்காவுக்கும் அதே. பரம்பரையா வர்றதுன்னு ரத்தத்துல பார்த்துச் சொல்லிட்டாங்க. 'ஆம்பளைக்கு இன்னாத்துக்கு டெஸ்ட்டு'ன்னு கேட்டீங்க. அக்காவுக்கு இருக்கிறது உங்களுக்கும் இருக்கலாம். இருந்தா நம்ம பொண்ணு ஜெர்சிக்கும் போயிருக்கலாம். உங்களுக்கு இல்லன்னா, அவள நெனச்சு நான் பயப்பட வேணாம்."

இடம் தீர்ந்துபோய், ஓரத்தில் இடுக்கி எழுதினாள்: "ஜெர்சிக்கு இன்னும் தெரியாது. ஹாஸ்டல்லேருந்து போன் பண்ணா உளறிடாதீங்க."

கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நின்று வேலை பார்த்த எட்டு மணி நேரமும் அவளுக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. திரும்பி வந்தபோது டென்னிஸ் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. சீட்டின் பின்பக்கத்தில் அவன் எழுதியிருந்தான்:

"ரத்தம் குடுத்துட்டேன். ரிசல்ட்டுக்கு மூணு வாரம் ஆவுமாம். ஊசிக்கு நான் பயப்படல மேரி. இருக்குன்னு வந்துட்டா, அத எம் பொண்ணுக்கு நானே குடுத்திருப்பேனோன்னுதான் பயம். அவகிட்ட நானே சொல்றேன். நீ பக்கத்துல இரு."